கரகரக்கும் ரீலும் ஒரு பழைய பணியாரச் சட்டியும்

முட்டுக்காட்டுக் கழியில் ஒரு விடியற்காலை. கொடுவா ஒன்று வெடுக்கென்று கவ்வியது. முள் ஏறட்டும் என்று தூண்டில் ராடைச் சுண்டினேன். ரீலின் கைப்பிடி பின்பக்கமாகச் சர்ரென்று சுழன்று என் விரல் முட்டிகளைப் பதம் பார்த்தது. தூண்டில் நரம்பு தொங்கிப்போனது, மீனும் போனது. அதற்கு முந்தின ராத்திரிதான் அந்த ரீலை நானே பிரித்துத் துடைத்து, தாராளமாகக் கிரீஸ் வைத்து மூடியிருந்தேன். வைக்கவே கூடாத ஓர் இடத்திலும் வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு என்னுடையதும் நண்பர்களுடையதுமாகப் பல ரீல்களைத் திறந்து மூடியாயிற்று. புதிதாகத் திருப்புளியைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: ரீலுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தோலோடு நின்றுவிடுபவை. வெளியிலிருந்து தொடங்குங்கள். பழுது எந்த இடத்தில் அகப்படுகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். எடுத்த எடுப்பில் பக்கவாட்டு மூடியைத் திறந்து பல்சக்கரங்களைப் பார்க்கும் ஆசைதான் நல்ல ரீல்களைக் கெடுக்கிறது.

இங்கே சொல்வது ஸ்பின்னிங் ரீலைப் பற்றி. ராடுக்கு அடியில் தொங்கும், வளைந்த கம்பி போட்ட, 2500, 4000 என்று எண் போட்டு விற்கிறார்களே, அந்த வகை. ராடின் மேலே உட்காரும் பெய்ட்காஸ்டருக்கு வைத்தியம் வேறு.

ஸ்பின்னிங் ரீலில் ஒரு விசித்திரம் உண்டு. நரம்பைச் சுற்றும்போது, நரம்பு ஏறும் உருளையான ஸ்பூல் சுழலாது, மேலும் கீழுமாக ஏறி இறங்க மட்டும் செய்யும். அதைச் சுற்றி ஓடும் ரோட்டர்தான் நரம்பைச் சுற்றுகிறது. 1905இல் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயக் கம்பளி ஆலைக்காரர் இப்படி ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். நூற்பாலையில் பாபின் அசையாமல் நிற்க, அதன் நுனி வழியாக நூல் உருவிக்கொண்டு வருமல்லவா, யோசனை அங்கிருந்து பிறந்தது என்பார்கள். பழுது பார்ப்பவருக்கு இந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. ராடு வழியாக நேராக வரும் நரம்பு, ரீலுக்கு வந்ததும் செங்கோணத்தில் திரும்பித்தான் ஸ்பூலில் ஏற வேண்டும். மீனின் மொத்த இழுப்பும் அந்தத் திருப்பத்தில், சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஓர் உருளையின் மேல் விழுகிறது. அதுதான் லைன் ரோலர். ரீலில் முதலில் நோயுறுவதும் பெரும்பாலும் அதுவே.

முதலில் காது, பிறகுதான் திருப்புளி

ஃபேனை நிறுத்திவிட்டு ரீலைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு ஸ்பூலைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். சும்மா சுற்றும்போது அமைதியாக இருந்து, நரம்பில் பாரம் ஏறியதும் கீச்சிடுகிறதா? லைன் ரோலரைச் சந்தேகிக்கலாம். ஸ்பூல் இல்லாதபோதும் அதே கரகரப்பு என்றால் கோளாறு உள்ளே.

உள்ளே எங்கே என்பதையும் எண்ணியே கண்டுபிடிக்கலாம். ரீலின் மேல் 5.2:1 என்பது போல ஓர் எண் இருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ரோட்டர் 5.2 சுற்று ஓடும் என்று பொருள். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் குறை பெரிய பல்சக்கரத்திலோ கைப்பிடித் தண்டிலோ இருக்கும். ஒரு சுற்றுக்கு ஐந்து முறை போலக் கேட்டால் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமோ ரோட்டரோதான். ஸ்பூல் மேலே ஏறும்போது மட்டும் உரசினால் நடுத்தண்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் ஒரு திருகைக்கூடத் தொடாமல் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, பலரை ஏமாற்றுவது. மீன் பலமாக இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். அதை முழுக்க இறுக்கியாயிற்று, ஆனாலும் மீன் இழுத்தால் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. டிராக் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புது வாஷர் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பூலின் விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி, சுற்றிய நரம்பின் மேல் ஒரு புள்ளி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் வருமாறு வைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் அப்படியே நிற்க நரம்பின் புள்ளி மட்டும் நகர்ந்தால் டிராக்கில் ஒரு குறையும் இல்லை. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு வழவழப்பான ஸ்பூலைப் பிடிக்க முடியாமல் மொத்தமாக வழுக்குகிறது. நரம்பை உருவிவிட்டு, அடியில் பத்துச் சுற்று மோனோ என்கிற ஒற்றை இழை நரம்பு போட்டு, அதன்மேல் பிரெய்டைச் சுற்றினால் தீர்ந்தது.

மேசையில் என்னென்ன வேண்டும்

பெரிய பட்டியல் இல்லை. நல்ல ஸ்டார் திருப்புளி இரண்டு அளவில். ஜப்பானியத் தயாரிப்பாக இருந்தால் திருகுத் தலையின் வெட்டு நம்மூர் ஸ்டாரிலிருந்து சற்றே மாறுபடும். ஜேஐஎஸ் முனை என்று கேட்டால் கிடைக்கும். ஜப்பானிய பைக்குகளின் கார்புரேட்டரில் கைவைத்த மெக்கானிக்குகளுக்கு இந்த வம்பு பழக்கம்: சாதாரண ஸ்டார் நழுவி நழுவித் தலையை மழித்துவிடும். அதோடு 10, 12, 14 எண் ஸ்பேனர்கள், ஒரு ட்வீசர், ஒரு சேஃப்டி பின், பழைய டூத்பிரஷ், பஞ்சுக் குச்சி, விளக்குமாற்றிலிருந்து உருவிய நாலு ஈர்க்குச்சி.

பிறகு பணியாரச் சட்டி. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏழு குழி, அடியில் ஓட்டை கிடையாது, கனமானது, கைபட்டாலும் கவிழாது. கழற்றிய வரிசைப்படி முதல் குழியில் டிராக், இரண்டாவதில் ரோலர் என்று போட்டுக்கொண்டே போனால் திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வரலாம். இட்லித் தட்டு வேண்டாம், அதன் ஓட்டையில் ஷிம் என்கிற மெல்லிய வளையம் போய்விடும். அடுப்படியில் புழங்கும் சட்டியையும் எடுக்காதீர்கள். கிரீஸ் பட்ட குழியில் இனிப்புப் பணியாரம் சுட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. பழைய பாத்திரக் கடையில் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

மேசை மேல் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளினாலும் வெள்ளையில் கண்ணுக்குப் படும், துணியில் உருளாது. ஒவ்வொரு திருகுக்கும் முன்னால் செல்போனில் ஒரு படம். ரீல் வந்த பெட்டியில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத் தாள் இருந்திருக்கும். அதைத் தூக்கி எறியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

எண்ணெய், கிரீஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கிரீஸ், டிராக்குக்கு டிராக் கிரீஸ். மூன்றும் மூன்று வேலை. மெல்லிய எண்ணெய்க்கு ரீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. 24 டிகிரியில் உறையத் தொடங்கும். வாசலினும் வேண்டாம், நம் வெயிலில் உருகி ஓடிவிடும். டபிள்யூடி-40 பற்றித் தனியாகவே கேட்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் நீரை விரட்டும் கலவை தேடியவர்கள் நாற்பதாவது முயற்சியில் கண்டது அது. ‘நீர் விரட்டல், 40’ என்பதன் சுருக்கமே பெயர். இறுகிய திருகை இளக்க அருமையான சரக்கு. ஆனால் உயவுக்கு நிற்காது, உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ரீலுக்குள் பீய்ச்சாதீர்கள்.

கழுவுவதில் ஒரு வரிசை உண்டு. உப்பு எண்ணெயிலும் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். ஆகவே உப்புப் பூத்த பாகத்தை முதலில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அதன் பிறகே கிரீஸைக் கரைக்க பெயிண்ட் கடை டர்பன்டைனோ, செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவமோ எடுங்கள். தின்னர் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

ஸ்பூலும் டிராக்கும்

முன்னால் உள்ள டிராக் குமிழை இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே போனால் கழன்றுவிடும், ஸ்பூலும் கையோடு வரும். நடுத்தண்டில் கோத்திருக்கும் சின்ன வாஷர்கள் ஸ்பூலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வரும். எண்ணி வையுங்கள். அவைதான் நரம்பு ஸ்பூலில் எந்த உயரத்தில் படிகிறது என்பதைத் தீர்மானிப்பவை.

ஸ்பூலின் குழிக்குள் வளைந்த கம்பி ஒன்று வாஷர்களை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் நுனியைச் சேஃப்டி பின்னால் நெம்புங்கள், மறு கை விரலால் கம்பியை அமுக்கிப் பிடித்தபடி. இல்லையென்றால் பீரோவுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். ஸ்பூலைக் கவிழ்த்தால் வாஷர்கள் வரிசையாக விழும். விழுந்த வரிசையிலேயே நூலில் கோத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். வரிசையைக் குழப்பாமல் வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உலோக வாஷர் இரண்டு வகை. ஒன்றின் நடுத்துளை நடுத்தண்டைப் பற்றும் வடிவில் இருக்கும். மற்றதன் வெளி ஓரத்தில் காதுபோல நீட்டிக்கொண்டு ஸ்பூலின் பள்ளத்தில் உட்காரும். ஒன்று தண்டோடு நிற்க, மற்றது ஸ்பூலோடு சுழல, இடையில் உள்ள மெத்தை வாஷர் உரசிப் பிடிக்கிறது. டிராக் என்பது இவ்வளவுதான், சைக்கிள் பிரேக் மாதிரி. மெத்தை கம்பளியாகவும் இருக்கலாம், கறுப்பாக நெசவு தெரியும் கார்பனாகவும் இருக்கலாம்.

மீன் இழுக்கும்போது நரம்பு வெட்டி வெட்டிப் போனால் இந்த மெத்தைதான் காரணம். கார்பனை ஐபிஏ தொட்டுத் துடைத்து உலர்த்தி, டிராக் கிரீஸை விரலில் எடுத்து, பூசியது தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். கம்பளி காய்ந்து விறைத்திருந்தால் அதே கிரீஸை ஊறும்படி அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். தட்டையாகிப் பளபளவென்று கெட்டித்துப்போன கம்பளி திரும்பி வராது, மாற்ற வேண்டியதுதான். உலோக வாஷரில் துருப்புள்ளி இருந்தால் கண்ணாடி மேல் 1000 நம்பர் எமரித்தாளை விரித்து வட்டமாகத் தேய்த்தால் போகும். வாஷர் வளைந்திருக்கிறதா என்பதும் அந்தக் கண்ணாடி மேலேயே தெரிந்துவிடும்.

லைன் ரோலர்: ஐந்து நிமிட வேலை, பாதிப் பழுது

ரோட்டரின் மேல் வளைந்து நிற்கும் பெயில் கம்பியின் ஒரு முனையில் ஒற்றைத் திருகோடு இருக்கும். அதைக் கழற்றும்போது கம்பியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கழன்றதும் ரோலர், அதற்குள் ஒரு குட்டிப் பேரிங் அல்லது பிளாஸ்டிக் புஷ், இருபுறமும் ஒவ்வொரு வளையம். எந்தப் பக்கம் எது என்று படம் எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் இப்போதாவது எடுங்கள். ரோலரின் ஒரு பக்கம் சரிவு அதிகமாக இருக்கும், திருப்பிப் போட்டால் நரம்பு ஓரத்தில் சிக்கி அறுபடும்.

உள்ளே வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. வெந்நீரில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு பேரிங்கை ஈர்க்குச்சியின் தடித்த அடியில் கோத்து விரலால் சுண்டுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் நல்லது. மணல் அரைப்பது போல இருந்தால் இன்னொரு தடவை கழுவி, ஐபிஏயில் முக்கி உலர்த்திப் பாருங்கள். அப்போதும் அரைத்தால் ஆயுள் முடிந்தது. பேரிங் கடைக்குப் போகுமுன் மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். 4×7×2.5 என்பது போல மி.மீ. கணக்கில் சொன்னால் கடைக்காரர் ரீலைப் பார்க்காமலே எடுத்துத் தருவார். முதல் தடவை நான் பேரிங்கை மறந்துவிட்டுப் போய், “ரீல்ல நரம்பு போகிற இடத்துல இருக்குமே, அதுண்ணே” என்று கைகளால் நடித்துக் காட்டினேன். “அளவு சொல்லு தம்பி, படம் காட்டாத” என்றார்.

ரோலரின் மேற்பரப்பையும் கவனியுங்கள். பழைய நைலான் சாக்ஸ் துண்டை அதன் மேல் இழுத்தால் எங்கேனும் மாட்டுகிறதா? மாட்டினால் நரம்பு கோடு அறுத்திருக்கிறது. அந்த ரோலரை மாற்றாமல் எத்தனை விலைக்கு பிரெய்டு வாங்கினாலும் அது நார்நாராகிக்கொண்டேதான் இருக்கும்.

பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஈர்க்குச்சி நுனியை எண்ணெயில் தொட்டுவைத்தால் சரியாக ஒரு சொட்டு இறங்கும். மூடிய பிறகு ரீலை மறுபடியும் காதில் வைத்துச் சுற்றுங்கள். கணிசமான ரீல்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும். அப்படியானால் சட்டியைக் கழுவி வையுங்கள். கீழே இருப்பதைப் படிக்கலாம், செய்ய வேண்டியதில்லை.

ரோட்டரும், கிரீஸ் ஆகாத பேரிங்கும்

கைப்பிடி சில ரீல்களில் எதிர்ப்பக்க மூடியைத் திருகினால் கழலும். சிலவற்றில் கைப்பிடியே திருகாக ஏறியிருக்கும். அப்படியானால் ரோட்டரைக் கையால் பிடித்துக்கொண்டு, நரம்பு சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் வந்துவிடும்.

ரோட்டரின் நடுவில் ஒரு நட்டு. அதன் பக்கத்தில் நட்டைச் சுழலவிடாமல் ஒரு சின்னத் திருகோ தகடோ காவல் நிற்கும். முதலில் அதை எடுக்க வேண்டும். நட்டு சில மாடல்களில் இடமரை. வழக்கப்படி இடப்பக்கம் திருப்பி அசையாவிட்டால் ஸ்பேனரில் பைப் மாட்டி மல்லுக்கட்டாதீர்கள். மறுபக்கம் மெதுவாகத் தட்டிப் பாருங்கள்.

ரோட்டரைத் தூக்கியதும் தெரிவதுதான் அந்த ஒருவழிப் பேரிங். கைப்பிடி பின்னால் போகாமல் நிறுத்துவது இதன் வேலை. உள்ளே சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். ஒரு திசையில் உருளைகள் ஒதுங்கி வழிவிடும், எதிர்த்திசையில் ஆப்பு அடித்ததுபோலச் சிக்கிக்கொள்ளும். கெட்டியான கிரீஸ் புகுந்தால் உருளைகள் அதில் மிதக்கும், சிக்காது. கைப்பிடி பின்னால் ஓடும். முட்டுக்காட்டில் என் விரலைப் பதம் பார்த்தது இதுதான்.

இதைக் கழற்றாமலே சுத்தம் செய்யலாம். நடுவில் உள்ள உலோகக் குழலை மட்டும் உருவிவிடாதீர்கள், உருளைகள் கொட்டிவிடும். ஐபிஏயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழலை முன்னும் பின்னும் அசைத்து, வெளிவரும் அழுக்கைப் பஞ்சில் ஒற்றுங்கள். தெளிவாக வரும்வரை இப்படியே. நன்றாக உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய் ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு வேண்டாம்.

வயிற்றைத் திறப்பது

இங்கே வரும்வரை கரகரப்பு போகவில்லையென்றால்தான் பக்கவாட்டு மூடி. ஓர் அட்டையில் ரீலின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். திருகுகள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையின் துளையில் ஏற்றினால் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். எல்லாத் திருகும் எடுத்தாயிற்று, மூடி மட்டும் வரவில்லை என்றால் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் பின்புறக் கவசத்துக்கு அடியில் அல்லது பெயர் ஒட்டிய ஸ்டிக்கருக்குக் கீழே. நெம்பாதீர்கள், தேடுங்கள்.

மூடியைத் தூக்கும்போது மிக மெதுவாக. பெரிய பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே வெங்காயச் சருகு போல ஒரு வளையம் இருக்கும். அதுதான் ஷிம். கிரீஸில் ஒட்டிக்கொண்டு மூடியோடு போய்விடும், நாம் கவனிக்காமல் துணியில் துடைத்துவிடுவோம். இருபுறமும் எத்தனை ஷிம் என்று எழுதி வையுங்கள். பல்லோடு பல் எவ்வளவு நெருக்கமாகச் சேர வேண்டும் என்பதை அந்தச் சருகுதான் தீர்மானிக்கிறது.

உள்ளே பார்த்த உடனே துடைக்காதீர்கள். கிரீஸின் நிறம் ஒரு ரத்தப் பரிசோதனை. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்திருந்தால் உலோகத் துகள், பல் தேய்கிறது. பச்சை கண்டால் பித்தளைப் பினியனை உப்பு அரித்திருக்கிறது. விரலில் தேய்க்க நறநறவென்றால் மணல், எந்தக் கடற்கரையில் ரீலைக் கீழே வைத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். உடலின் உட்புறம் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதற்குக் காரணம் வேறு. அலுமினிய உடலும் எவர்சில்வர் திருகும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் பேட்டரி போல வேலை செய்யும், அலுமினியம் கரையும். அந்தத் திருகுகளைத் திரும்பப் போடும்போது மரையில் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை கழலும்.

பெரிய சக்கரத்தை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பல் பல்லாகப் பாருங்கள். பளபளப்பு எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி இருந்தால் பிழைத்தீர்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும், நுனி கத்தியாகக் கூர்மையாகிவிட்டாலும் சக்கரம், பினியன் இரண்டையுமே மாற்ற வேண்டும். புதுச் சக்கரமும் பழைய பினியனும் ஒத்துப்போவதில்லை. மலிவான ரீலாக இருந்தால் இந்த இடத்தில் கணக்குப் போடுங்கள். பாகத்தின் விலையும் அலைச்சலும் ரீலின் விலையைத் தொட்டால் அதை உதிரிபாகக் கிடங்காக வைத்துக்கொள்வதே மேல்.

கிரீஸைப் பிரஷால் பற்களின் மேல் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தோசைக்கு எண்ணெய் தடவும் அளவு, பூரி பொரிக்கும் அளவு இல்லை. ரீலின் வயிற்றை நிரப்பினால் சுற்றவே கனக்கும், மிச்சம் ஒழுகி ஒருவழிப் பேரிங்குக்கு வந்து சேரும். நடுத்தண்டுக்கும் பினியனின் துளைக்கும் எண்ணெய் போதும்.

ஒரு எச்சரிக்கை. டைவாவின் மேக்சீல் வகையில் காந்த எண்ணெயே அடைப்பாக நின்று நீரைத் தடுக்கிறது. அதில் நம் எண்ணெயை விட்டால் அடைப்பே கெட்டுவிடும். அதுபோன்ற ரீல்களையும், உத்தரவாதக் காலம் முடியாதவற்றையும் வீட்டில் திறக்க வேண்டாம்.

மூடும்போது

மூடியை வைத்து எல்லாத் திருகுகளையும் பாதி மட்டும் ஏற்றி, கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். பிறகு எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தபடி. இறுக்க இறுக்கக் கனத்தால் ஷிம் இடம் மாறியிருக்கிறது. கைப்பிடி அச்சில் லொடலொடவென்று ஆடினால் ஒரு ஷிம் குறைகிறது, சட்டியைப் பாருங்கள்.

அது கிடக்கும். என்னுடைய ஐந்தாவது குழியில் அப்படி ஒன்று கிடந்தது. ரீல் அருமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மணி பதினொன்றரை, போகட்டும் என்று படுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் பல் கறுத்தது. ஒரு பாகம் மிஞ்சினால் மறுபடியும் திறப்பதைத் தவிர வழியில்லை.

ரோட்டர் நட்டை அளவாக இறுக்கிக் காவல் திருகை மறக்காமல் போடுங்கள். ஸ்பூலில் நரம்பு விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிற்கட்டும். டிராக்கைச் சரிபார்க்க பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு என்பது கணக்கு. 20 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய 9 கிலோ, தராசு இரண்டேகால் கிலோ காட்டும்போது ஸ்பூல் நழுவத் தொடங்க வேண்டும். அதுவும் வெட்டாமல், தொடங்கிய பிறகு ஒரே சீராக.

எப்போது செய்வது? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகுக்காரர்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வது அப்போதுதான். நானும் ரீல்களை அந்த நாட்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன். மற்ற மாதங்களில் ரோலருக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

கடலிலிருந்து வந்ததும்

டிராக்கை முழுக்க இறுக்குங்கள், வாஷருக்குள் நீர் போகாது. பிறகு ஸ்பிரே பாட்டிலால் பூப்போலத் தெளித்துத் துடையுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சினால் வெளியில் இருந்த உப்பை உள்ளே துரத்துகிறீர்கள். வாளியில் முக்குவதும் அதே பாவம். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவுவதற்குக் கழுவாமலே இருக்கலாம். கேன் தண்ணீர் அரை டம்ளர் போதும்.

நிழலில் காய்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள், மெத்தை நசுங்காமல் இருக்கும். தளர்த்திய கையோடு குமிழில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை கரையில் நின்று முதல் வீச்சுக்கு ராடை ஓங்கும்போது அந்த நூல் கண்ணில் பட்டு, டிராக்கை இறுக்கவில்லை என்று சொல்லும்.